கோட்டை மேலே, சந்தை கீழே: கிரேவே இன் கியாந்தி ஊரான கதை

கேள்வி இதுதான்: இத்தாலியில் ஃபிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவே உள்ள கிரேவே இன் கியாந்தி என்ற சிற்றூரின் நடுத்திடல் ஏன் முக்கோணமாக இருக்கிறது? சுற்றியுள்ள குன்றுகளில் எல்லாம் கோட்டை இருக்க, மதிலே இல்லாத இந்தப் பள்ளத்து ஊர் எப்படி வட்டாரத்துக்குத் தலையூர் ஆனது? போனால் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த ஊர் முதலில் சந்தை, அப்புறம்தான் ஊர். திடலுக்கு இன்றைக்கு அரசு வைத்த பெயர் பியாட்ஸா மத்தேயோத்தி. 1924இல் பாசிஸ்டுகள் கொன்ற சோசலிச நாடாளுமன்ற உறுப்பினர் ஜாக்கொமோ மத்தேயோத்தியின் பெயர் அது. பழைய பெயர் மெர்காத்தாலே, அதாவது சந்தை கூடும் இடம். ஃபிளாரன்ஸும் சியேனாவும் உள்ள தஸ்கனி மாநிலத்தில் இந்தச் சொல் பல இடங்களில் ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்டது. கிரேவேக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலேயே மெர்காத்தாலே என்று ஓர் ஊர் இருக்கிறது. ஃபிளாரன்ஸிலிருந்து கிரேவேக்கு வரும் வழியில் ஸ்த்ராதா என்று இன்னோர் ஊர். சாலை என்றுதான் அதற்குப் பொருள். சாலையும் சந்தையும் பெற்றெடுத்த ஊர்கள் இவை.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். கிரேவே என்பது ஆற்றின் பெயர். கியாந்தி மலைத்தொடரில் பிறந்து வடக்கே ஓடி, ஃபிளாரன்ஸுக்குச் சற்று மேற்கே ஆர்னோ ஆற்றில் கலக்கும் சிறு ஆறு. கோடையில் கல் தெரியக் கிடக்கும். இலையுதிர்கால மழையில் சீறும். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர் உயரத்தில், ஃபிளாரன்ஸிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கிழக்கே மலைத்தொடர் சுவராக எழுகிறது. அதன் உச்சியான மோந்தே சான் மிக்கேலே 892 மீட்டர். அதுவும் கிரேவே நகராட்சி எல்லைக்குள்ளேயே வருகிறது. அந்தச் சுவருக்கு அப்பால் ஆர்னோவின் மேல் பள்ளத்தாக்கு, வால்தார்னோ. தெற்கே ஏறினால் சுமார் 500 மீட்டரில் பன்ஸானோ முகடு. அதன் வடசரிவில் விழும் மழை கிரேவே ஆற்றுக்கு, மறுபுறம் விழுவது பேஸா ஆற்றுக்கு.

தண்ணீர் போகும் திசையைக் கவனியுங்கள். பள்ளத்தாக்கு வடக்குப் பார்த்துத் திறந்திருப்பதால் கிரேவேயின் முகம் எப்போதும் ஃபிளாரன்ஸை நோக்கித்தான். விளைந்தது அங்கேதான் போகும், பணமும் அங்கிருந்துதான் வரும். ஃபிளாரன்ஸிலிருந்து வரும் பாதை, பன்ஸானோ வழியாகச் சியேனாவுக்கு ஏறும் பாதை, மலையைத் தாண்டி வால்தார்னோவுக்குப் போகும் பாதை ஆகிய மூன்றும் ஆற்றங்கரையில் சற்றுச் சமதளமாக இருந்த ஓரிடத்தில் கூடின. பாதைகள் கூடும் இடம் இயல்பாகவே அகன்று புனல் போல விரியும். வண்டி நிறுத்த, மாட்டைக் கட்ட, மூட்டை இறக்க அந்த அகலம்தான் தேவை. முக்கோணம் யாரோ கோடு போட்டு வரைந்ததல்ல. மூன்று திசையிலிருந்து வந்த கால்களும் சக்கரங்களும் மிதித்து உண்டாக்கியது. வீடுகள் பின்னால் வந்து அந்த வடிவத்தின் ஓரத்தில் வரிசையாக நின்றன.

அந்தக் காலத்தில் மக்கள் வாழ்ந்தது கீழே இல்லை. மேலே மோந்தெஃபியோராலே (பழைய பெயர் மோந்தெஃபிகாலே), உத்ஸானோ, வெர்ரத்ஸானோ, வின்யாமாஜ்ஜோ, பன்ஸானோ என்று ஆளுக்கொரு குன்றில் ஒரு பிரபுக் குடும்பம் கோட்டையோ மதில் வீடோ கட்டி உட்கார்ந்திருந்தது. குன்றின் மேல் பாதுகாப்பு உண்டு, இடம் கிடையாது. ஐந்து கோட்டைக்காரர்களும் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்ய, எல்லோருக்கும் பொதுவாக, எல்லோருக்கும் ஏறக்குறைய சம தூரத்தில், ஒருவருக்கும் சொந்தமில்லாத ஓரிடம் வேண்டியிருந்தது. பள்ளத்தில் இருந்த அந்தப் புனல்தான் அது.

மதில் இல்லாததற்கு விலையும் கொடுத்தார்கள். 1325இல் லூக்கா நகரத்தின் தலைவன் கஸ்த்ரூச்சோ கஸ்த்ரக்கானி ஃபிளாரன்ஸுக்கு எதிராகப் படையெடுத்தபோது இந்தச் சந்தையூர் சூறையாடப்பட்டு எரிந்தது. ஆனால் சந்தை எரிந்தால் அடுத்த வாரமே கூடாரம் போட்டு மறுபடி கூட முடியும். கோட்டை எரிந்தால் அப்படி எழ முடியாது. 1302இல் ஃபிளாரன்ஸ் குடியரசு இடித்துப் போட்ட கெரார்தீனி குடும்பத்தின் மோந்தால்யாரி கோட்டை திரும்ப எழவே இல்லை. மோனா லிசா ஓவியத்தில் இருப்பதாகக் கருதப்படும் லிசா அந்தக் குடும்பத்துப் பெண். வின்யாமாஜ்ஜோ மாளிகையில்தான் அவர் பிறந்தார் என்று சுற்றுலாப் பேச்சில் கேட்பீர்கள். நம்ப வேண்டாம்: அவர் 1479இல் பிறந்தது ஃபிளாரன்ஸ் நகரில், அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்த மாளிகை வேறு குடும்பத்தின் கைக்குப் போய்விட்டது.

உண்மையான திருப்பம் 1555. அந்த ஆண்டு சியேனா ஃபிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்திடம் வீழ்ந்தது. அதுவரை கியாந்தி என்பது இரண்டு பகை நகரங்களுக்கு நடுவே இருந்த எல்லைப்புறம். எல்லை மறைந்ததும் குன்றின் மேல் மதில் கட்டிக் காவல் காக்க வேண்டிய அவசியமும் மறைந்தது. கோட்டைகள் ஒவ்வொன்றாகப் பண்ணை வீடாகவும் திராட்சரச (ஒயின்) நிலவறையாகவும் மாறின. கீழே இருந்த சந்தை மட்டும் தன் வேலையை மாற்றிக்கொள்ளவில்லை. அமைதி வந்ததில் அதற்கு வியாபாரம் கூடியதுதான் மிச்சம். ஒரு காலத்தில் பள்ளத்தாக்கின் நிர்வாகம் இருந்த மோந்தெஃபியோராலே இன்று ஒரே ஒரு வட்டத் தெருவும் கொஞ்சம் வீடுகளும்தான். வங்கி, நகராட்சி, மருந்துக்கடை எல்லாம் கீழே.

திடலைச் சுற்றிய தாழ்வாரங்கள்தான் இந்த ஊரின் பொக்கிஷம். பலர் அதன் கீழ் நின்று காப்பி குடித்துவிட்டு, தலையைத் தூக்கிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். நீண்ட இரண்டு பக்கங்களிலும் கடை வரிசைக்கு முன்னால் தூணும் வளைவுமாக நடைகூடம் ஓடுகிறது. அதன் கூரை மேல்மாடி வீட்டுக்கு முற்றம். இரும்புக் கம்பித் தடுப்பும் ஜெரேனியப் பூத்தொட்டிகளுமாக இருக்கும். இப்போது இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் காலடியால் அளந்துகொண்டே நடந்து பாருங்கள். ஒரு வளைவு அகலம், அடுத்தது குறுகல். ஒன்று உயர்ந்திருக்கும், பக்கத்தது தாழ்ந்திருக்கும். ஒரு வீட்டின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தூணின் பருமன்கூட மாறும். ஒரே அரசனோ ஒரே கட்டடக் கலைஞனோ கட்டியிருந்தால் எல்லாம் ஓர் அளவில் நின்றிருக்கும். இங்கே ஒவ்வொரு கடைக்காரனும் தன் கடை முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் சரக்கை மூட அவரவர் வசதிப்படி கட்டிக்கொண்டான். துணிப் பந்தல் நின்ற இடத்தில் பின்னால் கல் நின்றது. ஃபிளாரன்ஸின் அளவெடுத்த தாழ்வாரங்களைவிட இந்தக் கோணல் வரிசை எனக்கு அழகாகப் படுவது இதனால்தான்.

முக்கோணத்தின் குறுகிய முனையில் சாந்தா குரோச்சே தேவாலயம். இடம் பழையது, இப்போதைய கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் 30களில் எழுப்பியது. உள்ளே பிச்சி தி லொரென்ட்ஸோ தீட்டிய மூன்று பலகை ஓவியம் இருக்கிறது. அதைப் பார்க்கவாவது ஐந்து நிமிடம் உள்ளே போகலாம். திடலின் நடுவில் நிற்கும் சிலை ஜொவான்னி தா வெர்ரத்ஸானோ. பிரான்ஸ் மன்னன் முதலாம் பிரான்சுவாவுக்காகக் கப்பலோட்டி, 1524இல் இன்றைய நியூயார்க் துறைமுகத்துக்குள் நுழைந்தவர். ஊருக்கு வடக்கே அவர் குடும்பத்தின் கோட்டை இன்றும் திராட்சரசப் பண்ணையாக இருக்கிறது. நியூயார்க்கில் 1964இல் திறந்த பாலத்துக்கு அவர் பெயரை வைத்தபோது 'இஸட்' எழுத்தில் ஒன்றை விட்டுவிட்டார்கள். 2018இல்தான் சட்டம் போட்டு அதைச் சேர்த்தார்கள்.

இனி, சந்தைக்கு வந்தவர்கள் யார் என்று புரிய வேண்டுமானால் மெட்ஸாத்ரியா என்ற முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் வாரத்துக்கு விடுவது என்போமே, அதேதான், பங்கு சரிபாதி. நிலமும் வீடும் முதலாளியுடையது, உழைப்பு குடியானவக் குடும்பத்துடையது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. ஒரு பண்ணையின் கீழ் பல குடியிருப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டுக் குடும்பம். கணக்கைப் பார்த்தவர் ஃபத்தோரே என்ற காரியஸ்தர். மாடு கன்றின் லாப நட்டத்திலும் பாதிப் பாதி என்பதால், மாடு விற்கும் நாளில் குடியானவனுக்கும் காரியஸ்தருக்கும் சந்தையில் வேலை இருந்தது.

அன்றைய வயல் இன்றைய பட அஞ்சலட்டையில் காணும் கியாந்தி அல்ல. குன்றுச் சரிவில் கல் வரப்பு கட்டிய படிகள்; ஒவ்வொரு படியின் ஓரத்திலும் சிறு மேப்பிள் மரத்தில் ஏற்றிய திராட்சைக் கொடி, இடையிடையே ஆலிவ், நடுவில் கோதுமையோ அவரையோ. ஒரே நிலத்தில் எண்ணெய், ரொட்டி, திராட்சரசம், மாட்டுக்குத் தழை நான்கும் கிடைக்கும். அளவு குறைவு, ஆனால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்டு. வாராவாரம் விற்கவும் வாங்கவும் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்ததால் சந்தையும் நிலைத்தது.

இது 1950களுக்குப் பின் உடைந்தது. இளையவர்கள் ஃபிளாரன்ஸ் ஆலைகளுக்குப் போனார்கள். 1964இல் வந்த சட்டம் புதிய மெட்ஸாத்ரியா ஒப்பந்தங்களைத் தடை செய்தது. ஆளில்லாத நிலத்தில் டிராக்டர் ஓட வேண்டும் என்று பல இடங்களில் கல் படிகளை இடித்து, சரிவின் மேலிருந்து கீழாக நேர்வரிசையில் திராட்சை நட்டார்கள். டிராக்டருக்கு அது வசதி, மண்ணுக்கு அது நாசம். வரிசைகளுக்கு நடுவே மழைநீர் தடையில்லாமல் ஓடி மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. அவசரத்தில் நட்ட கொடிகளும் அதிகக் காய்ப்புக்கென்று தேர்ந்தவை; ரசம் நீர்த்துப் போனது. 1980களின் இறுதியில் இந்த வட்டாரத்துத் திராட்சரசமான கியாந்தி கிளாஸிக்கோவின் உற்பத்தியாளர் சங்கம் நாற்று வகைகளையும் நடவு முறைகளையும் ஆராய்ந்து திருத்தத் தொடங்கிய பிறகே நிலைமை சீரானது. மலைமேல் உள்ள லாமொலே ஊர்ப் பக்கம் மட்டும் டிராக்டர் ஏற முடியாத செங்குத்துச் சரிவு என்பதால் பழைய கல் படிகள் பல தப்பின. இன்று அவற்றைத்தான் செலவழித்துச் செப்பனிடுகிறார்கள்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே விலைப்பட்டியலே மண்ணைப் பேசும். கலெஸ்த்ரோ என்பது கையால் நொறுக்கினால் தகடு தகடாக உடையும் களிப்பாறை. மழை நீர் நிற்காது, வேர் இடுக்கில் புகுந்து ஆழம் போகும். அல்பெரேஸே என்பது கெட்டியான வெளிர் சுண்ணாம்புக் கல். வயலிலிருந்து பொறுக்கி எடுத்து வீடு கட்டுவார்கள். லாமொலேயில் மச்சீனியோ என்ற மணற்பாறை அதிகம். உயரமும் சுமார் 600 மீட்டர். அதனால் அங்கே காய் மெதுவாகப் பழுத்து, ரசம் லேசாகவும் மணம் தூக்கலாகவும் வரும். பன்ஸானோவின் தெற்குச் சரிவு வெயில் வாங்குவதால் அங்கே ரசம் கனமாக இருக்கும். இரண்டும் ஒரே நகராட்சி, ஒரே சாஞ்சொவேஸே திராட்சை.

ரசம் வாங்குபவர்கள் ஏமாறுவது பெயரில்தான். கியாந்தி வேறு, கியாந்தி கிளாஸிக்கோ வேறு. ஆதி கியாந்தி என்பது ராத்தா, கையோலே, கஸ்தெல்லீனா என்ற மூன்று ஊர்களும் சேர்ந்த இடைக்காலக் கூட்டணி. அதன் சின்னம்தான் கறுப்புச் சேவல். கிரேவே அந்தக் கூட்டணியில் இல்லை. ஆனால் 1716இல் தஸ்கனியை ஆண்ட மெதிச்சி குடும்பத்து மூன்றாம் கோசிமோ, எந்தெந்த இடத்து ரசத்துக்கு என்ன பெயர் என்று எல்லை வகுத்து ஆணையிட்டபோது, கியாந்தியின் வடக்கெல்லையை ஸ்பெதாலூத்ஸோவிலிருந்து கிரேவே, பன்ஸானோ வழியாக வரைந்தார். விளைவிடத்தின் பெயரைச் சட்டத்தால் காத்த மிகப் பழைய ஆணைகளில் அது ஒன்று. 1932இல் அரசு கியாந்தி என்ற பெயரைத் தஸ்கனியின் பல பகுதிகளுக்கும் திறந்துவிட்டது. நடுப்பகுதிக்கு மட்டும் கிளாஸிக்கோ என்ற அடைமொழி கிடைத்தது. கிரேவே அதற்குள் வந்தது. ஊர்ப் பெயரோடு 'இன் கியாந்தி' அதிகாரபூர்வமாக ஒட்டிக்கொண்டது 1972இல்தான். அதற்கு முன் வெறும் கிரேவே.

வாங்கும்போது பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிளாஸிக்கோ. விதிப்படி குறைந்தது 80 சதவீதம் சாஞ்சொவேஸே இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 7.5 டன் திராட்சைக்கு மேல் எடுக்கக் கூடாது. 2006 அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சை கலக்கவும் தடை. ரிசெர்வா என்று போட்டிருந்தால் 24 மாதம், கிரான் செலெத்ஸியோனே என்றால் 30 மாதம் பக்குவப்பட்டது. 2021இல் அந்த வட்டாரத்தை 11 உட்பகுதிகளாகப் பிரித்தார்கள். அதில் கிரேவே, பன்ஸானோ, லாமொலே, மோந்தெஃபியோராலே நான்கும் தனித்தனிப் பெயர்கள். ஒரே நகராட்சிக்கு நான்கு என்பது மேலே சொன்ன மண் வேறுபாட்டுக்குக் கிடைத்த அங்கீகாரம்.

திராட்சை மட்டுமே கிரேவே அல்ல. சான் போலோ ஊர்ப் பக்கம் கல் வரப்புகளின் ஓரமாக ஊதா நிற ஐரிஸ் பூக்கும். மே மாதத் தொடக்கத்தில் பார்க்கலாம். பூவுக்காக வளர்ப்பதில்லை, கிழங்குக்காக. நட்டு இரண்டு மூன்று ஆண்டு விட்டு, கோடையில் தோண்டி, வளைந்த சிறு கத்தியால் ஒவ்வொன்றாகத் தோல் சீவி, வெயிலில் காயவைப்பார்கள். அப்போது முகர்ந்தால் பச்சைக் கிழங்கின் மண் வாசம்தான் வரும். ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே வேதி மாற்றம் நடந்து வயலட் பூவின் வாசனை ஏறும். வாசனைத் திரவியக்காரர்கள் அதற்குத்தான் பெரும் விலை கொடுக்கிறார்கள். வரப்போரத்தில் நடுவதற்குக் காரணமும் உண்டு: உழமுடியாத இடம் பயன்படும், பின்னிப் படரும் கிழங்கு மண்ணையும் பிடித்துக்கொள்ளும்.

1999இல் இந்த ஊர் இன்னொரு காரணத்துக்காகவும் பேசப்பட்டது. அப்போதைய நகரத் தலைவர் பாவொலோ சத்தூர்னீனி, ஒர்வியேத்தோ, பிரா, பொஸித்தானோ ஊர்களின் தலைவர்களோடு சேர்ந்து சித்தாஸ்லோ என்ற நிதான நகர அமைப்பைத் தொடங்கினார். 50,000 பேருக்குள் உள்ள ஊர்கள்தான் உறுப்பினராகலாம். உள்ளூர் விளைபொருள், நடக்க ஏற்ற தெரு, பழைய கட்டடங்களைக் காப்பது போன்றவை நிபந்தனைகள். வாரச்சந்தையை விடாமல் காத்துவந்த ஓர் ஊரிலிருந்து அந்த யோசனை வந்தது பொருத்தம்தான்.

போவதானால் சனிக்கிழமை காலை போங்கள், சந்தை அன்றுதான். மதியத்துக்கு மேல் கடைகளைக் கட்டிவிடுவார்கள், எனவே ஒன்பது மணிக்குள் திடலில் இருப்பது நல்லது. அன்று திடலுக்குள் கார் போகாது, சுற்றுத் தெருக்களிலும் இடம் கிடைப்பது கஷ்டம். ஃபிளாரன்ஸிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரயில் கிடையாது; நீராவி டிராம் ஒன்று ஃபிளாரன்ஸிலிருந்து இங்கே வரை ஓடி 1935இல் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் மிகக் குறைவு. திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளாமல் போய் மாட்டிக்கொள்பவர்கள் பலர். ஞாயிறு போவதானால் அன்று கூடும் பன்ஸானோ சந்தையை வைத்துத் திட்டமிடுங்கள்.

சந்தையில் துணிமணி, பாத்திரம், செருப்பு எல்லாம் இருக்கும். இத்தாலியின் எந்த வாரச்சந்தையிலும் அப்படித்தான். சாப்பாட்டு வண்டிகளில் ஃபினோக்கியோனா கேளுங்கள். காட்டுப் பெருஞ்சீரகம் சேர்த்த பெரிய பன்றியிறைச்சித் தொத்திறைச்சி அது. நல்லது மிருதுவாக, வெட்டினால் உதிரும் பதத்தில் இருக்கும். ஆகவே மெல்லிய சீவலாகக் கேட்காமல் கொஞ்சம் தடிமனாக வெட்டச் சொல்லுங்கள். அதோடு கொடுக்கும் தஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. ரொட்டி கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். தொத்திறைச்சியிலும் பாலாடைக்கட்டியிலும் உள்ள உப்புக்கு அது ஈடு. இறைச்சி வேண்டாதவர்கள் அதே ரொட்டியை வாட்டிப் பூண்டு தேய்த்து, புது ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடலாம். புது எண்ணெய் நவம்பரில் வரும், தொண்டையில் சுரீரென்று உறைக்கும். உறைத்தால்தான் புதியது.

சந்தை முடிந்ததும் மோந்தெஃபியோராலேக்கு நடந்து ஏறுங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஏற்றம். அரை மணி நேரம் பிடிக்கும். சாலையில் நடைபாதை இல்லாததால் வளைவுகளில் ஓரமாகப் போக வேண்டும். வழியில் ஆலிவ் மரங்களின் அடியைக் கவனியுங்கள். ஒற்றைத் தண்டாக இல்லாமல், பழைய அடிக்கட்டையைச் சுற்றி மூன்று நான்கு தண்டுகள் எழுந்திருக்கும். 1985 ஜனவரியில் கடுங்குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழ் 20 பாகைக்கும் இறங்கி, தஸ்கனியின் ஆலிவ் தோப்புகளை ஏறக்குறைய முழுதாக எரித்துவிட்டது. வெட்டிய கட்டையின் வேர் மட்டும் உயிரோடிருந்து, அதிலிருந்து விட்ட கிளைகள்தாம் இப்போது காய்க்கும் தண்டுகள். நடுக்கட்டையில் கோடரி இறங்கிய தட்டையான வெட்டுமுகம் சிலவற்றில் இன்னும் தெரியும்.